ஆளுக்கொரு கரண்டி

என் வாழ்க்கையில் ஒரு முறை நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் மோசமான ஒரு குளிர்காலத்தில். ஜக்கெற்றுக்குள் வயிற்றோடு ஒரு துணிப்பை, பைக்குள் மடங்கிக் கிடந்த ஒரு குட்டி. என் கார் உயிரை விட்ட நாளொன்றில், சுரங்க ரெயினில் ஒரு சீனத்து முதிய அம்மா எழும்பி எனக்கு இடம் தந்தார். என் வயிற்றைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த நகரத்தில் எனக்குப் பிடித்த குணம் அது.

இந்த இடம் வரைக்கும் சொன்னால் ஆட்கள் நன்றாகச் சிரிப்பார்கள். நானும் கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். மிச்சத்தைச் சொல்வதில்லை. இப்போது மிச்சத்தை எழுதுகிறேன்.

ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே, சோளக்காடுகளுக்கு நடுவில், ஒரு பழைய பால்பண்ணை இருந்தது. மாடுகள் போய்விட்டன. அவற்றின் இடத்தில், ஆஸ்திரேலியாவில் அழிந்துகொண்டிருந்த பாறை வொலபிகளை வளர்த்துப் பெருக்கினார்கள். வொலபி என்றால் சின்னக் கங்காரு. பூனையைவிடப் பெரிது, ஆட்டைவிடச் சின்னது, வாலில் வளையம் வளையமாகக் கோடு. செங்குத்தான மலைப்பாறைகளில் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்குத் தாவி வாழ்கிற சாதி. அங்கே நரி பிடித்துத் தின்றது. தப்பியவை ஒதுங்குகிற குகைகளைக் காட்டு ஆடுகள் பிடித்துக்கொண்டன. இங்கே குட்டி போடவைத்து, கூட்டம் பெருகியதும் திருப்பி அனுப்பி மலையில் விடுவதுதான் திட்டம். உயிர் தப்ப அதுகளுக்கு இந்தப் பனிக்குள்தானா இடம் கிடைத்தது என்று முதல் நாள் யோசித்தேன். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு யோசிப்பதை நிறுத்தினேன்.

அந்த இடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மிருக வைத்தியர். உயரமான, கட்டையாக நரைமயிர் வெட்டிய, அதிகம் பேசாத கனேடியப் பெண். எல்லோரும் அவரை டொக்டர் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்கு எடுக்கும்போது, மிருகங்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டார். ஊரில் ஆடு வளர்த்தோம், கெட்டிக்கார ஆடுகள், எந்த உயரத்திலும் ஏறிப் படுக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை, கோழிக்கூட்டுக்குக் காவல் கேட்டு வந்த நரியைப் பார்க்கிற மாதிரி. ஆனாலும் வேலை தந்தார். புழுக்கை அள்ளுவது, கரட்டும் வற்றாளங்கிழங்கும் வெட்டுவது.

டொக்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த மிருகத்துக்கும் பெயர் வைக்கக் கூடாது, எதோடும் பேசக் கூடாது. பெயர் வைத்தால் அனுப்ப மனம் வராது. பேசினால் அது மனிதக் குரலுக்கு ஓடி வரப் பழகிவிடும். காட்டில் மனிதக் குரலை நோக்கி ஓடுகிற மிருகம் உயிரோடு இருக்காது. ஆகையால் எல்லாவற்றுக்கும் இலக்கம்தான்.

தை மாதத்தில் ஒரு தாய் வொலபி தாடை அழுகிச் செத்தது. அதன் பையில் ஒரு பெண்குட்டி. இலக்கம் பதினேழு. அந்தத் தாய் பிடிபட்ட மலையில் அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு வொலபியையும் காணவில்லை. அந்த மலையின் இரத்தத்தில் மிஞ்சியது இந்தக் குட்டி மட்டும்தான். அடுத்த வருடம் வசந்தத்தில் ஆறு பெண் வொலபிகளை, நரி வராதபடி வேலி போட்ட அதே மலையில் விடுவதாக இருந்தது. “மற்ற ஐந்தும் அங்கே போகும்,” என்றார் டொக்டர். “இவள் திரும்பிப் போவாள்.” அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பதினேழின் பயணத்துக்கான கடதாசிகள் அப்போதே எழுதத் தொடங்கியாயிற்று. இந்த நாட்டில் நான் இருப்பதற்கான கடதாசி அப்போதும் வந்திருக்கவில்லை.

வழமையாகத் தாயில்லாக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிற பெண் ஐஸில் வழுக்கிக் காலை முறித்திருந்தாள். யாருடைய வீட்டை நாள் முழுக்க முப்பது பாகையில் வைத்திருக்க முடியும் என்று டொக்டர் கேட்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கையை உயர்த்தினேன். நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்தின் ஹீற்றரைக் குறைக்கவும் முடியாது, நிற்பாட்டவும் முடியாது. வெளியே சைபருக்குக் கீழே இருபது, உள்ளே நான் சாரத்தோடு விசிறிக்கொண்டிருப்பேன். என் மனைவி ஹீற்றருக்கு மேலே மோர் மிளகாய் காயவைப்பாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அந்த ஹீற்றரால் வந்தது.

அன்று பின்னேரம் பையோடு வீட்டுக்குள் போனேன்.

“உதென்ன?” என்றாள் மனைவி.

“கங்காரு.”

“வந்ததும் வராததுமாப் பகிடி விடாதேங்கோ.”

பையைத் திறந்து காட்டினேன். ஈரமான மூக்கு, மயிர் முளைக்காத காதுகள், பெரிய கறுப்புக் கண். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“இதின்ர தாய்?”

“செத்துப்போச்சு.”

அதற்கு மேல் அவளிடம் அனுமதி கேட்க வேண்டி வரவில்லை.

பை தொங்கி ஆட வேண்டும், தாயின் வயிற்றில் இருப்பதுபோல, என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் சுவரில் ஆணி அடிக்க இடம் தேடிக்கொண்டிருக்க, மனைவி தன் நீல நூல்சேலையை எடுத்து உடுப்பு அலுமாரித் தடியில் ஏணை கட்டிவிட்டாள். சேலைத் தொட்டிலுக்குள் பை, பைக்குள் பதினேழு. ஒரு விரலால் தொட்டால் போதும், ஆடும். டொக்டரிடம் சொன்னபோது நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். விஞ்ஞானத்துக்கு எங்களுடைய பங்களிப்பு அத்தோடு முடிந்திருக்கலாம்.

நாலு கதவு தள்ளி மன்னார் அன்ரி இருந்தார். புருசன் இல்லாதவர், மகனோடு வாழ்ந்தார். எங்கள் மாடியில் யார் வீட்டில் என்ன பொரிந்தாலும் அவருக்குத் தெரியும். மூன்றாம் நாளே வந்துவிட்டார்.

“கலியாணம் முடிச்சு ஏழு வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டில ஏணை தொங்குது. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, என்ன?”

நான் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள். பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். அன்றைக்குத் தேத்தண்ணி வர வெகுநேரம் எடுத்தது.

அன்ரி சேலையை விலக்கிப் பார்த்தார். “ஆம்பிளையோ, பொம்பிளையோ?”

“பொம்பிளை அன்ரி.”

“காது கொஞ்சம் பெரிசு. வளர வளரச் சரிவரும்.” கைப்பைக்குள்ளிருந்து மைப்பெட்டியை எடுத்துக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார்.

“அன்ரி, உதெல்லாம் செய்யக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவா.”

“அவவுக்குக் கண்ணூறைப் பற்றி என்ன தெரியும்? தகப்பன்ர மூக்குத்தான், என்ன பிள்ளை?” என்று குசினிப் பக்கம் கேட்டார். தகப்பன் நான்தான்.

அந்தக் கிழமை பிள்ளை பார்க்கவென்று கட்டடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் சவர்க்காரமும் பவுடரும் கொண்டுவந்தார். நான் வாசலில் நின்று, பெயர் வைக்கக் கூடாது, பேசக் கூடாது என்று சட்டம் வாசித்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கொஞ்சினார்கள்.

பதினேழுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ரின்னில் வருகிற தனி மா. கரைத்தால் கஞ்சித் தண்ணி மாதிரித்தான் இருக்கும். அதை அளந்து, மெல்லிய குழாய்ச் சூப்பியால் கொடுக்க வேண்டும். கொடுத்ததையெல்லாம் ஒரு குறிப்புக் கொப்பியில் எழுத வேண்டும். வேறு எந்தப் பாலும் ஒரு துளிகூடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். காரணமும் சொல்லியிருப்பார். அந்த நாளில் நான் ஆங்கிலத்தில் பாதியைக் கேட்டுவிட்டு முழுவதற்கும் தலையாட்டுகிறவன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சட்டமாகப் போட்டேன். “உந்த ரின் மாவைத் தவிர வேறொண்டும் குடுக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?” ஒரு நாளைக்கு மூன்று தரமாவது சொல்லியிருப்பேன். அதிகாரம் கிடைத்தால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சட்டம் போட்ட பத்தாம் நாள், காலையில் வேலைக்குப் புறப்படமுதல் ஏணைக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பதினேழு தலையை வெளியே நீட்டி என் விரலைச் சூப்பத் தொடங்கினாள். கொடுத்த பாலெல்லாம் முடிந்திருந்தது. அடுத்த நேரம் வர இன்னும் மூன்று மணித்தியாலம் கிடந்தது. மேசையில் தேத்தண்ணிக்குச் சூடாக்கிய பசுப்பால் இருந்தது. ஒரு கரண்டி எடுத்தேன். அவள் இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அடுத்த நாளும் ஒரு கரண்டி. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும். கொப்பியில் எழுதவில்லை. வயிறு கொஞ்சம் இளகிப் போனது. அதற்கென்று கொப்பியில் ஒரு கட்டம் இருந்தது. “சாதாரணம்” என்று எழுதினேன். ஒரு கரண்டி பாலில் என்ன வரப்போகிறது? நாங்களெல்லாம் பசுப்பாலில் வளர்ந்த ஆட்கள்தானே, பார், எப்படிச் சோக்காக வந்திருக்கிறோம்.

கிழமைக்கு ஒரு தரம் நிறை பார்க்கப் பண்ணைக்குக் கொண்டுபோவேன். ஐந்தாம் கிழமை டொக்டர் சின்ன ரோர்ச்சால் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்பின் ஓரத்தில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு வெண்புகை.

“வேறு பால் ஏதாவது கொடுத்தீர்களா?”

இம்முறை முழுவதையும் கேட்டேன். பசுப்பாலில் இருக்கிற சர்க்கரையை இந்தச் சாதியின் உடம்பால் கரைக்க முடியாது. அது கண்வில்லையில் போய்த் தங்கி வெள்ளையாகும். இப்போதே நிற்பாட்டினால், குட்டிக் கண் என்றபடியால், தெளியக்கூடும்.

“இல்லை,” என்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் தடுமாறாமல் சொன்ன முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். என் எழுத்து அழகான எழுத்து. நம்பினார். அப்படியென்றால் கிருமித் தொற்றாகத்தான் இருக்கும் என்று சொட்டு மருந்து தந்தார்.

வீட்டுக்குக் காரோட்டி வரும்போதே தீர்மானித்தேன். என் கரண்டியை நிற்பாட்டுவேன், கண் தெளியும், ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தரம் சட்டம் வாசித்தவன் நான், அவளுக்கு முன்னால் கள்ளனாக நிற்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். “கண்ணில சின்னத் தொற்றாம், மருந்து விடட்டாம்,” என்றேன்.

அடுத்த நாளிலிருந்து என் கரண்டி இல்லை. மருந்தும் தவறாமல் விட்டோம். மூன்று கிழமையில் இரண்டு கண்ணும் வெள்ளையாகின. பைக்கு வெளியே துள்ளப் பழகத் தொடங்கியவள், கதிரைக் காலில் மோதினாள். எனக்கு விளங்கவில்லை. நிற்பாட்டிவிட்டேனே! அப்படியென்றால் இது உண்மையாகவே தொற்றுத்தான் போல என்று நினைத்தேன். நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. இந்த எழுத்தில் எதை விட்டாலும் அதை விடக்கூடாது. குட்டி கதிரைக் காலில் மோதுகிறது, எனக்கு ஆறுதல்.

ஒரு வியாழக்கிழமை பனி கொட்டியதால் மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். மனைவி இங்கிலிஷ் வகுப்பிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் போகிற நேரத்தில் அன்ரி வந்து குட்டிக்குக் காவலாக இருப்பார். ஏணைக்குப் பக்கத்தில் கதிரையில் அன்ரி. ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் கரண்டி.

“என்ன அன்ரி உது?”

“கத்தாதை தம்பி, பிள்ளை பயப்பிடும். நாங்கள் தேத்தண்ணிக்கு விடுற மாப்பால்தான். ஒரு கரண்டி.”

“எத்தினை நாளாக் குடுக்கிறியள்?”

“வந்த கிழமையிலயிருந்து. நீங்கள் ரெண்டு பேரும் தண்ணியைக் குடுத்துக் குடுத்துப் பிள்ளையைக் காயவிடுறியள். எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

பின்னாலே கதவு திறந்தது. பூட்ஸில் பனியோடும் கையில் கொப்பியோடும் மனைவி. நான் நீதவான் மாதிரி அவள் பக்கம் திரும்பினேன்.

“பாத்தீரே அன்ரி செய்த வேலையை? பால் குடுத்திருக்கிறா. அதுதான் கண் போகுது!”

அவள் அன்ரியைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள்.

“பாலாலயோ?”

“பின்னை! பசுப்பால் அதின்ர கண்ணுக்கு நஞ்சு.”

“நானும் குடுத்தனான்,” என்றாள். “பின்னேரத்தில, நீங்கள் வரமுன்னம். ஒரு கரண்டி.”

“எத்தினை தரம் சொன்னனான், வேறொண்டும் குடுக்கக் கூடாதெண்டு!”

“நீங்கள் காலமை குடுக்கிறதைக் கண்டனான். நீங்கள் கரண்டியைக் கழுவிறேல்லை. அப்ப குடுக்கலாமாக்கும் எண்டு நினைச்சன்.”

அன்ரி கோப்பையை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

“நான் மூண்டு கிழமைக்கு முன்னமே நிப்பாட்டிட்டன்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “அதைக் காணேல்லையோ?”

“கண்டனான்.” அவள் கையுறையைக் கழற்றாமலே நின்றாள். “அவசரத்தில மறந்துபோறியள் எண்டு நினைச்சன். உங்கடையையும் சேத்து ரெண்டு கரண்டியாக் குடுத்தனான்.”

கோப்பையில் மிஞ்சிய பாலை நான் குசினியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

அன்ரிதான் பேசினார். “வெள்ளை விழுந்ததுதானே? எனக்கும்தான் விழுந்தது. வெட்டி எடுத்தவை. இப்ப பார், ஊசியில நூல் கோக்கிறன். உவளுக்கும் வெட்டட்டும்.” மனைவி என்னைப் பார்த்தாள். “ஓம், வெட்டலாம்,” என்றேன். மருத்துவக் கல்லூரியில் படித்தவன் மாதிரி.

அடுத்த நாள் காலையில் டொக்டரிடம் சொன்னேன். அவர் வற்றாளங்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார். கொப்பியையும் பேனையையும் என் முன்னால் தள்ளி, “எழுது,” என்றார். “யார், எத்தனை நாள், எத்தனை கரண்டி.” எழுதினேன். ஒவ்வொரு “சாதாரண”த்தையும் வெட்டி, பக்கத்தில் உண்மையை எழுதினேன். எட்டுப் பக்கம். அந்த அழகான எழுத்து அதற்குப் பிறகு எனக்குத் திரும்பி வரவே இல்லை.

வெட்டி எடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியும் என்றார். ஆனால் வில்லை இல்லாத கண் வெளிச்சத்தைக் காணும், தூரத்தை அளக்காது. பாறையில் வாழ்கிற மிருகம் ஒவ்வொரு தாவலுக்கும் தூரத்தை அளந்தால்தான் உயிரோடு இருக்கும். மலைக்கு அனுப்ப முடியாது. “மூன்று கிழமைக்கு முன்பு தெரிந்திருந்தால்,” என்று தொடங்கியவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. எனக்கு இரக்கப்பட்டு நிறுத்தினார் என்று நினைக்கிறேன். சொல்லியிருக்கலாம். வேலையால் நிற்பாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதுவும் செய்யவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. பதினேழு பண்ணையிலேயே இருந்து குட்டி போட்டால், அந்தக் குட்டியாவது மலைக்குப் போகலாம். அந்த இரத்தம் போனால் போதும். வசந்தத்தில் அவளைக் கொட்டிலுக்கு மாற்றினோம். பாறை இல்லாத தனி அறை, நிலம் முழுக்க வைக்கோல். நான் கதவடியில் நின்று, “என்னடி செய்யிறாய்?” என்றால் ஓடி வருவாள். மற்றவர்களின் குரலுக்கு அசையமாட்டாள். ஆம், பேசக்கூடாது என்ற சட்டத்தையும் பதினாலாம் மாடியிலேயே நான் முடித்துவைத்திருந்தேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம் ஆலங்கட்டி மழை. தகரக் கூரையில் கல்லெறிகிற மாதிரிச் சத்தம். பதினேழு வெருண்டு சுவரோடு சுவராக ஓடத் தொடங்கினாள். நான் கொட்டிலின் மறு கோடியில் தள்ளுவண்டியோடு நின்றேன். “பயப்பிடாதை, நில்லடி! நான் இஞ்சதான் நிக்கிறன்!” என்று கத்தினேன். அவள் நின்றாள். காதுகள் என் பக்கம் திரும்பின. பிறகு அவளுடைய சாதி எப்படித் தாவுமோ அப்படி, உயரமாக, முழுப் பலத்தோடு, என் குரலை நோக்கித் தாவினாள். எங்களுக்கு இடையில் இரும்புக் கேற் இருந்தது.

டொக்டர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதினார். நான் வாசிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்துக்கு வான் ஓட்டிப் போனவன் நான்தான். ஆறு பெட்டி செய்திருந்தோம், ஐந்து போயின. ஆறாவது பெட்டிக்குள் நான் பிறகு கரட் வைத்தேன். நல்ல பெட்டி, காற்றோட்டமானது.

பதினேழு செத்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. கண்ணை வெட்டியாயிற்று, தேறுகிறாள் என்று மாதக்கணக்காகச் சொல்லிவந்தேன். அன்று விமான நிலையத்திலிருந்து வந்ததும், “போயிட்டாள்,” என்றேன். அன்ரி சிலுவை போட்டு, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். மனைவி அலுமாரித் தடியில் ஒரு வருடமாக அவிழ்க்காமல் விட்டிருந்த ஏணையை அவிழ்த்தாள். சேலையைத் தோய்த்து, காயவைத்து, மடித்து வைத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு அன்ரியின் மகன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினான். சோளக்காட்டை அழித்துக் கட்டிய புது வீடுகளில் ஒன்று. பண்ணையிலிருந்து கூப்பிடு தூரம். ஒவ்வொரு நத்தாருக்கும் அன்ரி போன் எடுப்பார். போன நத்தாருக்கும் எடுத்தார்.

“தம்பி, எங்கட பிள்ளை எப்பிடி இருக்கிறாளாம்?”

“நல்ல சுகமாம் அன்ரி. டொக்டருக்குக் கடிதம் வந்தது.”

“கண்?”

“அருமையாத் தெரியுதாம். மலை முழுக்கத் தாவித் திரியிறாளாம்.”

“குட்டியள் இருக்கோ?”

“ஓம் அன்ரி. ரெண்டு.”

மனைவி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, அன்ரிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“மூண்டெண்டு சொல்லுங்கோ. போன வருசமும் ரெண்டெண்டுதான் சொன்னனீங்கள்.”